எட்டாவது முயல்

கம்பெனிக்கு நாற்பது வருஷம் நிறைந்தபோது ஒரு மலர் போட்டார்கள். வழவழவென்ற தாள், கையில் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற கனம். முயலை முதன்முதலில் வரைந்தவர், முயலுக்குக் குரல் கொடுத்தவர், முயலுக்குப் பாட்டுப் போட்டவர் என்று ஆளுக்கொரு பக்கம். முப்பத்தொரு வருஷம் அந்தக் கம்பெனியின் ஒவ்வொரு படத்தையும் வெளியே போகுமுன் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவளுக்கு மட்டும் அரை வரி: ‘சரிபார்ப்பு: ஒருவர்.’

ஒருவராம்! அந்த ஒருவர் ஒரே ஒரு நாள் தப்பாக எண்ணாமல் இருந்திருந்தால் மலர் ஏது, நாற்பது வருஷம் ஏது? அவள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. மலரை வாங்கிப் புரட்டி, “அச்சு நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபமெல்லாம் கதை சொல்கிறவனுக்குத்தான்.

கம்பெனியில் அவளை எண்ணம்மா என்பார்கள். வாய்க்குள் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே வேலை பார்த்ததால் வந்த பெயர். இருபத்துமூன்று வயதில் வந்து ஒட்டிக்கொண்டது, பிறகு சம்பளக் கவரின் மேல்கூட அதையே எழுத ஆரம்பித்தார்கள்.

அவள் சேர்ந்தபோது கம்பெனி என்பது ஒரு வீடு, அவ்வளவுதான். முதலாளி அதற்கு முன் சினிமாக் கொட்டகை இடைவேளையில் காட்டும் விளம்பரப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர். சோப்பும் பல்பொடியும் வரைந்து அலுத்துப்போய், குழந்தைகளுக்கு ஓடி ஆடுகிற பொம்மைப் படம் எடுத்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். வண்ணம் தீட்டியது அவர் மனைவி. அவரை எல்லோரும் அக்கா என்பார்கள். கேமராவைப் பிடித்தது அக்காவின் தம்பி. வீட்டுப் பிள்ளைகள் மாமா என்று கூப்பிட, வேலைக்கு வந்தவர்களும் அப்படியே கூப்பிட, அவர் ஊருக்கே கேமரா மாமா ஆகிவிட்டார்.

சாப்பாட்டு மேசையின் நடுவே சதுரமாக அறுத்து, கண்ணாடி பதித்து, அடியில் பல்பு வைத்திருந்தார்கள். அதுதான் விளக்கு மேசை. சாப்பாடு தரையில். படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி அதைக் கேமரா அறையாக்கிவிட்டதால் படுக்கையும் கூடத்துக்கு வந்துவிட்டது. கூடத்தின் குறுக்கே கட்டிய கொடியில், வண்ணம் பூசிய தாள்கள் கிளிப் போட்டுக் காயும். ஒரு கோடியில் முதலாளியின் பனியன், மறு கோடியில் முயலின் வால்.

எண்ணம்மா அதற்கு முன் ஒரு பொத்தான் தொழிற்சாலையில் இருந்தாள். ஓடுகிற பட்டையில் வரும் பொத்தான்களில் ஓட்டை மூன்றாக இருப்பதையும் ஓரம் உடைந்ததையும் பொறுக்கி எடுக்கிற வேலை. ஆலையை மூடிவிட்டார்கள். யாரோ சொல்லித்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். முதலாளி அவளை உட்காரச் சொல்லிவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அவளோ சுவரில் தொங்கிய பெரிய விளம்பரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியும் கையுமாகச் சிரிக்கிற சமையல்காரர், முதலாளியே வரைந்தது.

“என்னம்மா, படம் பிடிச்சிருக்கா?”

“நல்லா இருக்கு சார். ஆனா இடது கையில ஆறு விரல் இருக்கு.”

முதலாளி எழுந்து போய் எண்ணினார். அக்கா சமையலறையிலிருந்து வந்து எண்ணினார். கேமரா மாமா எண்ணிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நாலு வருஷமா ஊர் பூரா ஒட்டியிருக்கு. ஒருத்தனும் சொல்லலையே!” என்றார் முதலாளி. “நீ நாளைக்கே வந்துடும்மா.”

வேலை இதுதான். படத்தில் ஒரு நொடி ஓட வேண்டுமானால் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். அந்த ஒவ்வொரு படமும் ஒரே தாளில் இருக்காது. கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற தாள்களில் அம்மா முயல் தனியாக, குட்டிகள் தனியாக, மரம் தனியாக இருக்கும். எந்தத் தாளின் மேல் எந்தத் தாள் என்று ஒரு குறிப்புச் சீட்டில் முதலாளி எழுதித் தருவார். எண்ணம்மா சீட்டில் உள்ளபடி விளக்கு மேசையில் தாள்களை அடுக்கி, காது, வால், விரல், பொத்தான் என்று ஒன்று விடாமல் எண்ணி, சரியாக இருந்தால் சீட்டின் மூலையில் கையெழுத்துப் போடுவாள். அதற்கப்புறம்தான் கேமரா மாமா கையில் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பொத்தானைவிட முயல் மேல், முயலுக்கு முகம் இருக்கிறதே என்பாள்.

அவள் சேர்ந்த அடுத்த வருஷம் தொலைக்காட்சி நிலையம் ஒரு தொடருக்கு ஒப்புக்கொண்டது. ஞாயிறு காலை கால் மணி நேரம், பதின்மூன்று வாரம். ஒரு அம்மா முயலும் ஏழு குட்டிகளும். குட்டிகள் ஏழும் ஒரே அச்சு, சட்டை மட்டும் ஆளுக்கொரு நிறம். விளம்பர வேலையை முதலாளி அடியோடு விட்டுவிட்டார். அந்த வீட்டில் அப்போது பதினோரு பேர் வேலை செய்தார்கள். பதினோரு அடுப்பும் அந்த முயலை நம்பித்தான் எரிந்தது.

இரண்டாவது வாரமே சனி பிடித்தது. கதவைத் திறக்கும்போது சிவப்புச் சட்டை போட்டிருந்த குட்டி, உள்ளே வரும்போது பச்சைச் சட்டையில் வந்தது. அவசரத்தில் எண்ணம்மாவிடம் காட்டாமலே படம் பிடித்த காட்சி அது. நிலையத்தின் அதிகாரி, கண்டிப்புக்குப் பேர்போன அம்மாள், முதலாளியைக் கூப்பிட்டு ஒரே வரியில் சொன்னார்: “இன்னொரு தப்பு வந்தா நிறுத்திடுவேன்.”

அன்று முதலாளி எண்ணம்மாவிடம் வந்து நின்றார். “இனிமே உன் கையெழுத்து இல்லாம ஒரு தாள்கூட உள்ள போகாது. கம்பெனியே உன் கண்ணுலதாம்மா இருக்கு.”

அதைக் கேட்டு அவள் பயந்தாள் என்றா நினைக்கிறீர்கள்? பூரித்துப் போனாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் இதை மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை பெரியம்மா, “சரிடி, காது கேட்டுச்சு” என்றாள்.

ஐந்தாவது வாரப் படத்தில் முயல் குடும்பம் பஸ்ஸுக்கு நிற்கும். ஒன்பது நொடிக் காட்சி. ஒரு தாளில் நாலு குட்டி, இன்னொன்றில் மூன்று. நீலச் சட்டைக் கடைக்குட்டி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கொட்டாவி விட்டால் நன்றாக இருக்குமே என்று முதலாளிக்குத் தோன்ற, அதைத் தனித் தாளில் புதிதாக வரைந்தார். பழைய தாளிலிருந்து நீலச் சட்டையை நீக்க மறந்துபோனார். சீட்டில் மூன்று தாளையும் எழுதினார். எண்ணம்மா மூன்றையும் அடுக்கினாள். காது எண்ணினாள், வால் எண்ணினாள், தலை எண்ணினாள். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. எடுத்த முதலாளியின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. “உங்க முயலுக்குக் குட்டி ஏழா, எட்டா?” என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. “வெள்ளிக்கிழமை நேர்ல வாங்க. முடிவு சொல்றேன்.”

எல்லோரையும் கேமரா அறைக்குள் கூப்பிட்டு, அந்த ஒன்பது நொடியைச் சுவரில் போட்டார்கள். ஒரு தடவை ஓடியது. மறுபடி போட்டார்கள். முதலாளி எண்ணம்மா பக்கம் திரும்பினார்.

“எண்ணும்மா.”

அவள் சத்தமாகவே எண்ணினாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏழு, எட்டு.” எண்ணிவிட்டு, கொஞ்சம் நிம்மதியாகவே சொன்னாள்: “எட்டு. சரியாத்தானே சார் இருக்கு?”

கேமரா மாமா இருமினார். அப்போதுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தப்பைப் பார்க்காமல் விட்டிருந்தால் கண் அசந்துவிட்டது என்று சொல்லலாம். இவள் எட்டையும் பார்த்திருக்கிறாள், எட்டையும் எண்ணியிருக்கிறாள், எட்டுதான் சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள். இதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே வெளியே வந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் போட்டு, தன் பூதக்கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்தாள். அக்கா பின்னாலேயே வந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க கிளம்பிட்ட?”

“நான் இருந்தா நீங்க அந்த அதிகாரி அம்மா முகத்துல முழிக்க முடியாதுக்கா. என்னாலதான் போச்சு.”

“போறது இருக்கட்டும். சமையல்காரனுக்கு ஆறாவது விரலைக் கண்டுபிடிச்ச பொண்ணு நீ. ஒரு முழு முயலை எப்படி விட்ட? அதை மட்டும் சொல்லிட்டுப் போ.”

அவள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த தாள்களைப் பார்த்தபடி சொன்னாள்.

அவளுக்கு ஆறு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அப்பா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா, வந்து கூட்டிக்கொண்டு போனாள். பெரியம்மாவுக்கு ஏற்கெனவே ஏழு பிள்ளைகள். காலையில் சோற்று டப்பா கொடுக்கும்போது, மாலையில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, எங்காவது பஸ் ஏறும்போது, பெரியம்மா தலையை எண்ணுவாள். எட்டு வந்தால்தான் அடி எடுத்து வைப்பாள்.

“பதினெட்டு வருஷமாக் கேக்கிறேன்க்கா. பிள்ளைங்க கூட்டமா நின்னா, எட்டு வந்தாத்தான் எனக்கு எண்ணி முடிஞ்ச மாதிரி இருக்கும். ஏழோட நின்னா, யாரோ வரலையேன்னு தோணும். இவங்க பஸ்ஸுக்கு வேற நின்னாங்களா… எட்டு வந்துச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அக்கா பையை விடவில்லை. “உங்க பெரியம்மாகிட்ட இதெல்லாம் சொல்லியிருக்கியா?”

“எதை?”

“இந்த மாதிரி உன்னை வளர்த்ததுக்கு ஒரு நல்ல வார்த்தை.”

எண்ணம்மாவுக்குக் கண் நிறைந்தது. “எத்தனையோ நாள் சொல்லணும்னு நினைச்சிருக்கேன். எப்படிக்கா சொல்றது? அவங்க பெத்ததுங்க ஏழும் அவங்களுக்கு நன்றி சொல்றதில்ல. நான் மட்டும் போய்ச் சொன்னா, அன்னையிலேர்ந்து நான் வேற ஆளா ஆயிடமாட்டேனா?”

கதவருகே முதலாளி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் அந்தக் குறிப்புச் சீட்டு. கௌரவம் பார்க்கிற மனிதர்தான். தன் பிழையை ஒப்புக்கொள்வது அவருக்குப் பல் பிடுங்குகிற வலி. இருந்தாலும் சொன்னார்: “பழைய நீலச் சட்டையை எடுக்க மறந்தது நான். சீட்டை எழுதினதும் நான். பையை உள்ள வைம்மா.” அந்த வார்த்தைக்காக அவரை அவள் கடைசிவரை மறக்கவில்லை. அவர் பிற்காலத்தில் பண்ணிய எத்தனையோ கோமாளித்தனங்களை அதற்காகவே மன்னித்தாள்.

புதன்கிழமை தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, வழக்கமாக நாலு கவர் கொடுக்கிறவர், ஒரு சாக்கை இறக்கி வைத்தார். எல்லாம் குழந்தைகளின் கோணல் எழுத்து. அக்கா ஒவ்வொன்றாகப் படித்தார். ‘பஸ் ஸ்டாப்பில் இன்னொரு நீலச் சட்டை இருந்ததே, அது யார்?’ ‘அதுவும் பஸ்ஸில் ஏறியதா?’ ஒரு பெண் குழந்தை, ‘அதை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்’ என்று எழுதி அடியில் மூன்று கோடு போட்டிருந்தது. திட்டி ஒரு கடிதமும் இல்லை.

“அந்தக் குட்டியை அழிக்கக் கூடாது,” என்றார் அக்கா. “வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்.”

முதலாளிக்கு உடனே பொறி தட்டியது. அடுத்த வாரப் படத்தின் கடைசி முப்பது நொடியை மாற்றினால் போதும், முயல்கள் வீடு திரும்பும்போது எட்டாவது வாசலில் நிற்கும் என்றார். அதுவரை நல்ல யோசனை. அப்புறம் அவருக்குள் இருந்த சினிமாக் கொட்டகைக்காரர் விழித்துக்கொண்டார். மழை கொட்டுகிறது, குட்டி நனைகிறது, அம்மா முயல் ஓடி வந்து அணைத்துக்கொள்கிறாள், ஏழு குட்டிகளும் சுற்றி நின்று வரவேற்புப் பாட்டுப் பாடுகின்றன. சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமரா மாமா மூக்கை உறிஞ்சினார்.

“வேணாம் சார்,” என்றாள் எண்ணம்மா.

இரண்டு நாளுக்கு முன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் இப்படி முகத்துக்கு நேரே சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளும்தான்.

“என்ன வேணாம்?”

“பாட்டு வேணாம். மழை வேணாம். பாட்டுப் பாடி வரவேத்தா அது விருந்தாளி ஆயிடும் சார். விருந்தாளின்னா ஒருநாள் கிளம்பணும்ல.”

“பின்னே உங்க பெரியம்மா என்னதான் செஞ்சாங்க, முதல் நாள்?”

“ஒண்ணும் செய்யல. சாயந்திரம் போய் இறங்கினோம். பசங்க எல்லாம் விளையாடிட்டு வந்தாங்க. பெரியம்மா கதவுகிட்ட நின்னு எண்ணினாங்க. ஏழு வரைக்கும் எண்ணிட்டு, அதே மூச்சுல என் தலையில கைய வச்சு எட்டுன்னாங்க. சரி, எல்லாரும் போய்க் கை கழுவுங்கன்னாங்க. அவ்வளவுதான்.”

முதலாளி பென்சிலை எடுத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தார். அவ்வளவையும் அப்படியே வரைந்தார். ஒரு கோடு கூட்டவில்லை. அவர் வாழ்க்கையில் சொன்னதைச் சொன்னபடி கேட்டது அந்த ஒரு தடவைதான் என்பார் அக்கா.

வெள்ளிக்கிழமை எண்ணம்மாவையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். வண்ணம் பூச நேரம் இல்லை, பென்சில் படங்கள்தான். நீளமான தாழ்வாரம், வரிசையாக மூடிய கதவுகள், கடைசி அறையில் அதிகாரி அம்மாள். முதலாளி ஏதோ விளக்க ஆரம்பிக்க, அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். எண்ணம்மா தாள் கட்டை மேசையில் வைத்து, கட்டைவிரலால் புரட்டினாள். முயல்கள் நடந்து வந்தன. அம்மா முயல் கதவருகே நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டது. ஏழாவது உள்ளே போனது. வாசலில் நின்ற எட்டாவதின் தலையிலும் கை போனது. கதவு சாத்திக்கொண்டது.

“இன்னொரு தடவை,” என்றார் அதிகாரி.

புரட்டினாள். அந்த அம்மாளின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே எண்ணுவதை எண்ணம்மா பார்த்தாள். மூன்றாவது தடவையும் புரட்டச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

“தொடரட்டும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இனிமே என்னைக்காவது ஏழு வந்துச்சு, அன்னைக்கே நிறுத்திடுவேன்.”

தாழ்வாரத்தில் முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பதின்மூன்று வாரத் தொடர் ஒன்பது வருஷம் ஓடியதும், வீட்டுக் கம்பெனி மூன்று மாடிக் கட்டடமானதும், முயல்கள் புத்தகமாகவும் பொம்மையாகவும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையாகவும் ஆனதும், தாளும் விளக்கு மேசையும் போய்க் கணினி வந்ததும் மலரில் விலாவாரியாக இருக்கிறது. நீலச் சட்டை எட்டாவதுதான் எல்லோருக்கும் செல்லம் என்பதும் இருக்கிறது. கணினி வந்த பிறகும் எண்ணம்மா விரல் நீட்டி எண்ணினாள் என்பது இல்லை. போகட்டும்.

இரண்டு ராத்திரி கண் மூடாமல் வண்ணம் பூசி, படம் பிடித்து அனுப்பிய பிறகு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். பெரியம்மா கூடத்தில் தையல் மிஷினில் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவின் பிள்ளைகளில் வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் டிவி முன்னால் கூடியிருந்தார்கள். எண்ணம்மா சுவரோரம் நின்றாள். பெரியம்மா இதைப் பார்த்தால் புரிந்துகொள்வாள், அப்போது சொல்லிவிடலாம் என்று நாலு நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். புரிந்துகொண்டால் மனம் நோகுமோ, இத்தனை வருஷம் கழித்து இவள் கணக்குத் தீர்க்கிறாளே என்று நினைப்பாளோ என்ற பயமும் இருந்தது.

கடைசி முப்பது நொடி வந்தது. முயல்கள் வீடு திரும்பின. அம்மா முயல் எண்ண ஆரம்பித்தது. பெரியம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஏழு. எட்டு. சரி, எல்லாரும் போய்க் கை கழுவுங்க. கதவு சாத்திக்கொண்டது.

அண்ணன்மார் கைதட்டினார்கள். பெரியம்மாவின் மூத்த மகள் எண்ணம்மாவைத் திரும்பிப் பார்த்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரியம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, இவ்வளவுதானா? இதுக்கா நாலு நாளாச் சோறு தண்ணி இல்லாம கிடந்தீங்க?”

“ஆமா பெரியம்மா.”

“இதுல என்ன கதை இருக்கு? எட்டுப் பிள்ளைங்கன்னா எட்டு வரைக்கும் எண்ணித்தானே ஆகணும்?”

சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட எண்ணம்மாவின் வாயில் வரவில்லை. அவை எதற்கும் அந்த வீட்டில் இடமே இருந்ததில்லை என்று அப்போது தெரிந்தது. தன்னைப்போல் கொடுத்து வைத்தவள் உலகத்தில் யாரும் இல்லை என்று தோன்றியது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள்.

பெரியம்மா பதறி எழுந்து வந்தாள். “எதுக்குடி அழுவுற? வேலை போயிடுச்சா?”

“இல்ல பெரியம்மா. போகல.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு, பெரியம்மா மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்தாள்.